வாசகர் கேள்வி – பதில்: சவூதியில் சாவி யார் கையில்?

சவூதி அரேபியாவில் நடப்பவை உண்மையான சீர்திருத்தங்கள்தானா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "உண்மைதான், ஆனால் அரண்மனை கொடுத்தவை, மக்கள் கேட்டுப் பெற்றவை அல்ல" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியை ஏற்றும் மறுத்தும் வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

தம்மாமில் ஒரு பகாலாவில் (மளிகைக் கடையில்) 18 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பாங்கு சொன்னதும் ஷட்டரை இறக்காவிட்டால் முத்தவ்வாக்கள் வந்து நிற்பார்கள். இகாமாவை (குடியிருப்பு அனுமதி அட்டையை) காட்டச் சொல்லி அதட்டுவார்கள். இப்போது அங்கே இருக்கும் என் மகன், ரியாத்தில் ஆணும் பெண்ணுமாகக் கூடியிருந்த இசை நிகழ்ச்சியின் வீடியோவை அனுப்புகிறான். ஒரு நாடு பத்தே ஆண்டுகளில் இப்படி மாற முடியுமா?
– வாசகர், கடையநல்லூர்

மாறியிருக்கிறது, அதை நீங்களே உங்கள் மகனின் கைபேசி வழியாகப் பார்த்துவிட்டீர்கள். நீங்கள் முத்தவ்வா என்று குறிப்பிடுபவர்கள் 'நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் குழு' என்ற அரசு அமைப்பின் ஊழியர்கள். 2016 ஏப்ரலில் அமைச்சரவை எடுத்த ஒரு முடிவு, எவரையும் துரத்தவோ கைது செய்யவோ அடையாள ஆவணம் கேட்கவோ அவர்களுக்கு இனி அதிகாரம் இல்லை என்றும், குற்றம் என்று கருதுவதைக் காவல்துறையிடம் தெரிவிப்பதோடு அவர்கள் நின்றுகொள்ள வேண்டும் என்றும் அறிவித்தது. அதே மாதம் 25ஆம் தேதி, அப்போது துணைப் பட்டத்து இளவரசராக இருந்த முஹம்மது பின் சல்மான் 'விஷன் 2030' என்ற நாட்டு வளர்ச்சித் திட்டத்தை வெளியிட்டார். அடுத்த மாதமே பொழுதுபோக்குக்கென்று ஓர் அரசு ஆணையம் வந்தது. தொழுகை நேரத்திலும் கடைகளைத் திறந்து வைத்திருக்கலாம் என்ற நிலை 2021 ஜூலையில் முறைப்படி ஏற்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், பள்ளிவாசல் வெளி ஒலிபெருக்கிகள் பாங்குக்கும் இகாமத்துக்கும் (தொழுகை தொடங்குவதற்கான அழைப்புக்கும்) மட்டுமே பயன்பட வேண்டும், அதுவும் முழு ஒலியளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று இஸ்லாமிய விவகார அமைச்சகம் உத்தரவிட்டது. இப்படி ஓர் உத்தரவை நம் ஊர் ஜமாஅத் ஒன்றில் நிறைவேற்ற முயன்றால் எத்தனை கூட்டம், எத்தனை வழக்கு நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வேகத்துக்குக் காரணம் அந்நாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் இல்லை. மஜ்லிஸுஷ் ஷூரா எனப்படும் ஆலோசனை மன்றத்தின் 150 உறுப்பினர்களையும் மன்னரே நியமிக்கிறார். அவர்கள் ஆலோசனை கூறலாம், கட்டுப்படுத்த முடியாது. தொழுகை நடத்தும் இமாமும் வெள்ளிக்கிழமை உரையாற்றும் கதீபும் அரசுச் சம்பளம் பெறுபவர்கள். கட்சி கிடையாது, சுதந்திரமான தொழிற்சங்கம் கிடையாது. ஆகவே ஒரு காலத்தில் முத்தவ்வாவின் கையில் பிரம்பைக் கொடுத்த அரசே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நினைத்தபோது, குறுக்கே நிற்க எவரும் இல்லை. நீங்கள் பார்த்த பிரம்பு அவருடையது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அது இரவலாக வந்தது.

பெட்ரோல் விலை வீழ்ந்ததால் வேறு வழியின்றிச் செய்த மாற்றங்களைச் 'சீர்திருத்தம்' என்று புகழ்வது பொருந்துமா?
– வாசகர், கீழக்கரை

பணம் பெரிய காரணம். ஒரே காரணம் அல்ல. 2014இன் நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியது. 2015இல் சவூதி வரவு செலவுத் திட்டத்தில் விழுந்த துண்டு 367 பில்லியன் ரியால். குடிமக்களிடம் வரி வாங்காமல், அவர்களுக்கு அரசு வேலையும் மலிவு விலையில் மின்சாரமும் பெட்ரோலும் தந்து, பதிலுக்குக் கேள்வி கேட்காத விசுவாசத்தைப் பெற்றுக்கொள்ளும் பழைய ஏற்பாடு அதற்குப் பின் தாங்காது என்பது தெளிவாகிவிட்டது. 2018இல் 5 விழுக்காடாக வந்த மதிப்புக் கூட்டு வரி 2020 ஜூலையில் 15 விழுக்காடாக உயர்ந்தது. வெளிநாட்டு ஊழியர்கள் உடன் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 100 ரியால் என்று 2017 ஜூலையில் தொடங்கிய கட்டணம், ஆண்டுதோறும் நூறு நூறாக ஏறி 400 ரியாலைத் தொட்டது. கீழக்கரையிலிருந்து எழுதும் உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கட்டணத்துக்குத்தான் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழோடு ஊர் திரும்பின.

ஒருவர் சம்பளத்தில் நடந்த சவூதிக் குடும்பத்துக்கு இருவர் சம்பளம் தேவைப்பட்டது. பெண் வேலைக்குப் போக வேண்டுமானால் அவளே வண்டி ஓட்ட வேண்டும். இந்தக் கணக்கு எளியது. உழைப்போரில் பெண்களின் பங்கை 22 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாக உயர்த்துவது 'விஷன் 2030'இன் இலக்கு. குறித்த ஆண்டுக்கு வெகு முன்பே அது எட்டப்பட்டது. படம் பார்க்கவும் காற்று வாங்கவும் பாலம் கடந்து பஹ்ரைனுக்குப் போய்ச் செலவிட்ட பணம் உள்நாட்டிலேயே சுழல வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது.

ஆனால் 1980களிலும் எண்ணெய் விலை சரிந்தது. அப்போது அரசு மதக் கட்டுப்பாட்டை இறுக்கியதே தவிரத் தளர்த்தவில்லை. இம்முறை வேறு வழி தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு, நாட்டின் வயதும் ஆட்சியாளரின் வயதும் காரணங்கள். 2022 கணக்கெடுப்பின்படி சவூதிக் குடிமக்களில் 63 விழுக்காட்டினர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். 1953 முதல் மன்னர் அப்துல் அஸீஸின் மகன்களே ஒருவர் பின் ஒருவராக, பெரும்பாலும் முதுமையில், அரியணை ஏறிவந்த நாட்டில், பேரனான முஹம்மது பின் சல்மான் 31 வயதில் பட்டத்து இளவரசரானார். கையாலாகாமையில் பிறந்ததென்றாலும் சீர்திருத்தம் சீர்திருத்தம்தான். பசியால் திறந்தாலும் கதவு திறந்ததுதானே?

பெண்கள் கார் ஓட்டக் கூடாது என்று குர்ஆனிலோ ஹதீஸிலோ எங்கேனும் உள்ளதா? இல்லையென்றால் அவ்வளவு காலம் தடுத்தது எது?
– வாசகி, திருச்சி

இல்லை. நபிகள் காலத்துப் பெண்கள் ஒட்டகம் ஓட்டினார்கள் என்பது எந்த ஆலிமுக்கும் தெரிந்த செய்தி. சவூதியிலேயே பாலைவனத்துப் பதூயின் பெண்கள் தண்ணீர் வண்டியும் பிக்அப்பும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். நகரத்தில் பெண்ணுக்கு உரிமம் தருவதில்லை என்ற வழக்கம் மட்டுமே இருந்தது.

1990 நவம்பர் 6 அன்று ரியாத்தில் 47 பெண்கள் தங்கள் ஓட்டுநர்களை இறக்கிவிட்டு, தாங்களே வண்டிகளை ஓட்டிச் சென்றார்கள். குவைத்தை ஈராக் விழுங்கியிருந்த நேரம் அது. சவூதி மண்ணில் அமெரிக்கப் பெண் சிப்பாய்கள் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஓட்டிச் சென்றவர்களில் பல்கலைக்கழக ஆசிரியைகள் இருந்தார்கள். அவர்களின் வேலை நிறுத்திவைக்கப்பட்டது, கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டன, பள்ளிவாசல் மேடைகளில் அவர்கள் இழித்துப் பேசப்பட்டார்கள். அதன் பிறகுதான் மூத்த மார்க்க அறிஞர் ஷெய்க் பின் பாஸின் ஃபத்வாவும் (மார்க்கத் தீர்ப்பும்) உள்துறை அமைச்சகத்தின் அறிவிப்பும் சேர்ந்து, வழக்கமாக இருந்ததை முறையான தடையாக்கின.

முடிவு வந்த விதத்தைப் பாருங்கள். 2017 செப்டம்பரில் அசீர் மாகாண ஃபத்வா துறைத் தலைவர், பெண்ணுக்கு அரை மூளைதான், கடைத்தெருவுக்குப் போனால் அது கால் மூளையாகிவிடும், அத்தகையவர்களுக்கா உரிமம் தருவது என்று பேசினார். அவரைச் சொற்பொழிவாற்றுவதிலிருந்து அரசு விலக்கியது. சில நாள்கள் கழித்து, 26ஆம் தேதி இரவு, பெண்கள் வாகனம் ஓட்டலாம் என்ற அரச ஆணை வெளியாயிற்று. மூத்த உலமாக்கள் குழுவின் பெரும்பான்மை உறுப்பினர்கள் இதில் மார்க்க ரீதியான தடை எதையும் காணவில்லை என்று அந்த ஆணையிலேயே எழுதியிருந்தது. 2018 ஜூன் 24 முதல் ஆணை நடைமுறைக்கு வந்தது. 27 ஆண்டுகளாக ஹராமை நோக்கி இட்டுச்செல்லும் வழி என்று போதிக்கப்பட்ட ஒன்று, ஒரே இரவில் ஆகுமானதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் மாறியது வசனம் அன்று, தேவை.

"1979க்கு முன் நாங்களும் சாதாரண நாடாகத்தான் இருந்தோம், அந்த மிதமான இஸ்லாமுக்குத் திரும்புகிறோம்" என்ற பொருளில் பட்டத்து இளவரசர் பேசியதாகப் படித்தேன். இது வரலாற்றுக்குப் பொருந்துமா?
– ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், பாளையங்கோட்டை

பாதி பொருந்தும். பொருந்தும் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1979 நவம்பர் 20, ஹிஜ்ரி 1400ஆம் ஆண்டின் முதல் நாள். வைகறைத் தொழுகை முடிந்த வேளையில் ஜுஹைமான் அல் உதைபி என்பவரின் தலைமையில் ஆயுதம் ஏந்திய சில நூறு பேர் மக்காவின் புனிதப் பள்ளியைக் கைப்பற்றினார்கள். தம் கூட்டத்தில் ஒருவரை, இறுதிக் காலத்தில் வருவார் என்று நம்பப்படும் மஹ்தி என்று அறிவித்து, மேற்கின் சீர்கேடுகளை நாட்டுக்குள் விட்ட அரச குடும்பம் ஆளத் தகுதியற்றது என்று ஒலிபெருக்கியில் முழங்கினார்கள். ஹரம் என்னும் அந்தப் புனித எல்லைக்குள் ஆயுதம் எடுக்க மன்னர் காலிதுக்கு உலமாக்களின் ஃபத்வா தேவைப்பட்டது. அதைப் பெற்ற பிறகே படை உள்ளே சென்றது. இரு வாரங்கள் கழித்து டிசம்பர் 4 அன்று முற்றுகை முடிந்தது. 1980 ஜனவரியில் ஜுஹைமான் உள்ளிட்ட 63 பேர் எட்டு நகரங்களில் தலை வெட்டப்பட்டார்கள். அந்த 1979இல்தான் ஈரானில் ஷாவின் ஆட்சி கவிழ்ந்து, முஸ்லிம் உலகின் தலைமைக்கு இன்னொரு உரிமையாளர் முளைத்திருந்தார். சவூதி அரசு கலகக்காரரைக் கொன்றுவிட்டு, அவருடைய கோரிக்கைகளில் பலவற்றைத் தானே நிறைவேற்றத் தொடங்கியது. தொலைக்காட்சியில் பெண் முகங்கள் குறைந்தன, மதப் பாடங்களின் நேரம் கூடியது, முத்தவ்வாக்களுக்குப் பணமும் வண்டியும் வந்தன. 1986இல் மன்னர் ஃபஹத் 'மாட்சிமை' என்ற பட்டத்தைக் கைவிட்டு, 'இரு புனிதப் பள்ளிகளின் ஊழியர்' என்று அழைக்கப்படலானார்.

பொருந்தாத பாதி இதைவிடப் பெரிது. 1962 நவம்பரில்தான் அங்கே அடிமை முறை ஒழிக்கப்பட்டது. பெண் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளிகள் 1960இல்தான் தொடங்கின. அதுவும் கல்வி அமைச்சகத்தின் பொறுப்பில் விட்டால் எதிர்ப்பு வரும் என்பதால், தலைமை முஃப்தியின் மேற்பார்வையில் தனியொரு அமைப்பை உருவாக்கி அதனிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. 1963இல் புரைதா நகரத்தார், தங்கள் ஊருக்குப் பெண் பள்ளி வேண்டவே வேண்டாம் என்று திரண்டபோது, அப்போது பட்டத்து இளவரசராக இருந்த ஃபைசல் படையை அனுப்பித்தான் பள்ளியைத் திறந்தார். விரும்பினால் மகளை அனுப்புங்கள், கட்டாயம் இல்லை என்பதே அவர் வைத்த நயம். பிற்காலத்தில் அதே ஊரார் இடம் போதவில்லை என்று கூடுதல் பள்ளி கேட்டார்கள். 1965இல் தொலைக்காட்சி வந்தபோது அதை எதிர்த்துத் திரண்டவர்களில் அரச குடும்பத்து இளைஞர் ஒருவர் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1975 மார்ச் 25 அன்று, அவருடைய தம்பி மன்னர் ஃபைசலை நேருக்கு நேர் நின்று சுட்டுக் கொன்றார்.

இவை அனைத்தும் 1979க்கு முந்தியவை. "முன்பு நன்றாக இருந்தோம், இடையில் சில வெறியர்கள் கெடுத்தார்கள்" என்ற கதையில், அந்த இடைக்காலத்தை ஆண்டவர்கள் பட்டத்து இளவரசரின் பெரியப்பாக்களே என்பது நாகரிகமாக மறைந்துவிடுகிறது. கதையைச் சொல்பவரின் நோக்கம் நமக்குப் புரிகிறது; வரலாற்று ஆசிரியரான நீங்கள் அதை வகுப்பில் அப்படியே சொல்ல வேண்டியதில்லை. ஃபைசலின் வழியும் முஹம்மது பின் சல்மானின் வழியும் ஒரு விதத்தில் ஒன்றே: முடிவை அரண்மனை எடுக்கும், மார்க்க அறிஞர் பின்னால் வந்து கையொப்பமிடுவார். ஒரு வேறுபாடு உண்டு. ஃபைசல் உலமாக்களுக்கு ஒரு துறையைக் கொடுத்துச் சமாதானப்படுத்தினார். இவர் கொடுத்ததைத் திரும்ப வாங்குகிறார்.

சவூதியில் முதன்முதலில் திரையரங்கு திறந்தபோது என்ன படம் ஓடியது?
– வாசகர், கோவில்பட்டி

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் திரையரங்கே இல்லாதிருந்த நாட்டில் 2018 ஏப்ரல் 18 அன்று ரியாத்தில் ஓடியது ஒரு ஹாலிவுட் சூப்பர் ஹீரோ படம். உங்கள் உள்ளக்கிடக்கை புரிகிறது: அதே ஆண்டு ஜூனில் ரஜினிகாந்தின் படமும் அங்கே திரைக்கு வந்துவிட்டது.

சட்டதிட்டம் மாறியிருக்கலாம், மார்க்கப் புரிதலில் ஏதேனும் மாறியிருக்கிறதா? வஹாபியக் கொள்கையை சவூதி கைவிட்டுவிட்டது என்று சிலர் மகிழ்கிறார்கள், சிலர் வருந்துகிறார்கள்.
– அரபுக் கல்லூரி மாணவர், வேலூர்

இந்த மாதக் கேள்விகளில் கடினமானது உங்களுடையதுதான். சவூதி உலமாக்கள் தம்மை வஹாபிகள் என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். புரிதலுக்காக அச்சொல்லை வைத்துக்கொள்வோம்.

1744இல் திர்இய்யா என்ற சிற்றூரின் தலைவர் முஹம்மது பின் சவூதும் ஷெய்க் முஹம்மது பின் அப்துல் வஹ்ஹாபும் செய்துகொண்ட உடன்பாட்டில்தான் அந்த அரசு பிறந்தது என்று நாம் எல்லோரும் படித்தோம். வாள் ஒருவரிடம், வேதம் ஒருவரிடம். ஆட்சி சவூது குடும்பத்துக்கு, மார்க்கம் ஷெய்க் குடும்பத்துக்கு. 2022 ஜனவரியில் மன்னர் சல்மான் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆண்டுதோறும் பிப்ரவரி 22 இனி 'நிறுவன நாள்'. முஹம்மது பின் சவூத் திர்இய்யாவின் ஆட்சிப் பொறுப்பேற்ற 1727ஆம் ஆண்டே அரசின் தொடக்கம். உடன்பாட்டுக்கு 17 ஆண்டுகள் முந்திய தேதி! ஷெய்க் வருவதற்கு முன்பே அரசு இருந்தது என்றாகிவிட்டது. கார் ஓட்டும் அனுமதியைவிடவும் திரையரங்கைவிடவும் ஆழமான மாற்றம் இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் இது கேமராவில் படம் பிடிக்கக் கூடியதாக இல்லாததால் செய்திகளில் அதிகம் அடிபடவில்லை.

ஹதீஸ் விஷயத்திலும் அசைவு தெரிகிறது. தீவிரவாதத்துக்குப் பயன்படும் பொய்யான அறிவிப்புகளைக் களையெடுக்க, 2017 அக்டோபரில் மதீனாவில் ஓர் ஹதீஸ் ஆய்வு மையத்தை மன்னர் அமைத்தார். 2021 ஏப்ரலில் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் பட்டத்து இளவரசர், முதவாதிர் வகை (பலர் வழியாக வந்த) ஹதீஸ்களுக்கும் ஆஹாத் வகை (ஓரிருவர் வழியாக வந்த) ஹதீஸ்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி, குர்ஆனின் தெளிவான கட்டளை இல்லாத இடத்தில் தண்டனை விதிக்க அரசு கட்டுப்பட்டதன்று என்ற பொருளில் வாதிட்டார். ஷெய்க் முஹம்மது பின் அப்துல் வஹ்ஹாபே கல்லறையிலிருந்து எழுந்து வந்தால், தம் நூல்களைக் கண்மூடிப் பின்பற்றுவதை முதலில் கண்டிப்பவர் அவராகத்தான் இருப்பார் என்றும் சொன்னார். மதரஸாவில் ஓதாத ஓர் இளவரசர் ஹதீஸ் கலையில் தீர்ப்புச் சொல்வதை எந்த முஃப்தியும் மறுத்துப் பேசவில்லை. மௌனமும் ஒரு ஃபத்வாதான்.

இதற்காக அறிஞர் அவை காலியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். 1971இல் ஃபைசல் அமைத்த மூத்த உலமாக்கள் குழு இன்றும் உள்ளது. மன்னர் அப்துல்லாஹ் 2009இல் அதில் ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ மத்ஹபு (சட்ட மரபு) அறிஞர்களையும் சேர்த்தார். ஷியாக்களுக்கு அன்றும் இடமில்லை, பின்னரும் இல்லை. அதே ஆண்டு, ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் அறிவியல் பல்கலைக்கழகம் ஒன்றைச் செங்கடல் ஓரத்தில் அவர் திறந்தபோது, அதைக் குறை சொன்ன உறுப்பினர் ஒருவர் சில நாள்களிலேயே குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 2025 செப்டம்பரில் தலைமை முஃப்தி அப்துல் அஸீஸ் ஆலுஷ் ஷெய்க் மறைந்த பின் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்ட ஸாலிஹ் அல் ஃபவ்ஸான், பழமைப் பிடிப்புக்குப் பெயர் பெற்றவர். புதுமை விரும்பும் அரண்மனை ஏன் இவரைத் தேர்ந்தது? கடுமையான அறிஞர் ஒருவர் ஆட்சியாளருக்குக் கீழ்ப்படிவதை மார்க்கக் கடமையாகப் போதிப்பவராகவும் இருந்தால், அரசுக்கு அவரால் இடையூறில்லை என்பதுதான் நான் காணும் விடை. ஆகவே கொள்கை கைவிடப்பட்டது என்பதைவிட, அதில் 'ஆட்சியாளருக்குக் கீழ்ப்படி' என்ற பக்கம் மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடப்படுகிறது என்பதே சரி.

பெண்ணுக்குக் காப்பாளர் அனுமதி வேண்டும் என்ற முறை முற்றிலும் நீங்கிவிட்டதா? சட்ட நிலையை விளக்க முடியுமா?
– வழக்குரைஞர், மதுரை

முற்றிலும் நீங்கவில்லை, வெளியில் தளர்ந்து, வீட்டுக்குள் எழுத்து வடிவம் பெற்றிருக்கிறது. 2019 ஆகஸ்டில் வந்த திருத்தங்கள், 21 வயது நிறைந்த பெண் தந்தை, கணவன், மகன் எவருடைய ஒப்புதலும் இன்றிக் கடவுச்சீட்டு பெறவும் வெளிநாடு செல்லவும், பிறப்பையும் திருமணத்தையும் மணவிலக்கையும் தானே பதிவு செய்யவும், குடும்பத் தலைவியாகப் பதியப்படவும் வழி செய்தன. 2021இல், மணமாகாத அல்லது கணவனை இழந்த அல்லது மணவிலக்குப் பெற்ற பெண்ணைக் காப்பாளரிடம் ஒப்படைக்க வழி செய்த விதி நீக்கப்பட்டதால், அவள் தனியே வசிப்பதற்கு இருந்த சட்டத்தடை விலகியது.

அதுவரை சவூதியில் தொகுக்கப்பட்ட குடும்பச் சட்டமே கிடையாது. ஒவ்வொரு காஜியும் ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களைப் பார்த்துத் தம் அறிவுக்கு எட்டியபடி தீர்ப்பளித்தார்கள், ஒரே வழக்கில் இரு நகரங்களில் இரு தீர்ப்புகள் கிடைத்தன. 2022 மார்ச் 8 அன்று, அதாவது உலக மகளிர் நாளில், தனிநபர் சட்டம் வெளியிடப்பட்டது. 18 வயதுக்குக் கீழே திருமணம் என்றால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், பெண்ணின் சம்மதமின்றி நிக்காஹ் செல்லாது, வலீ (காப்பாளர்) காரணமின்றித் தடுத்தால் நீதிமன்றம் அப்பொறுப்பை வேறொருவருக்கு மாற்றலாம் என்பவை அதன் நல்ல பக்கங்கள். ஆனால் வயது வந்த பெண்ணின் நிக்காஹையும் ஆண் வலீதான் நடத்திவைக்க வேண்டும். தகுந்த காரணமின்றிக் கணவன் வீட்டில் வசிக்க மறுக்கும் மனைவி ஜீவனாம்சத்தை இழக்கலாம். கணவன் காரணம் சொல்லாமலே தலாக் சொல்லலாம், மனைவியோ மஹரைத் திருப்பித் தந்து குலா (மனைவி கோரும் மணவிலக்கு) கேட்க வேண்டும், அல்லது காரணங்களை மெய்ப்பித்து நீதிமன்றத்தில் ஃபஸ்கு (மண ரத்து) பெற வேண்டும். முன்பு ஒரு காஜியின் மனப்போக்காக இருந்தது, இப்போது அரசிதழில் விதியாக உள்ளது. விதியாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு: எதிர்த்து வாதாட ஒரு வாசகமாவது கையில் கிடைக்கிறது. வழக்குரைஞரான உங்களுக்கு அதன் மதிப்புத் தெரியும்.

குற்றவியல் பக்கத்தில், 2020 ஏப்ரலில் தஃஸீர் வகை (நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்ட) தண்டனையாகக் கசையடி வழங்குவது நிறுத்தப்பட்டது. அதே அரசு 2022 மார்ச் 12 அன்று, ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. இரண்டும் ஒரே நீதித்துறையில் நடந்தவை.

கார் ஓட்டும் உரிமைக்காகப் போராடிய பெண்கள் இப்போது மகிழ்ச்சியாக இருப்பார்கள், இல்லையா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

தடை நீங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2018 மே மாதம், அவர்களில் பலர் கைது செய்யப்பட்டார்கள். 2014இல் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து எல்லை வரை தாமே கார் ஓட்டி வந்ததற்காக 73 நாள்கள் சிறையிலிருந்த லுஜைன் அல் ஹத்லூல் அவர்களுள் ஒருவர். காவலில் தம்மைச் சித்திரவதை செய்தார்கள் என்று அவரும் குடும்பத்தினரும் கூறியதை அரசு மறுத்தது. பயங்கரவாத வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் 2020 டிசம்பரில் 5 ஆண்டு 8 மாதச் சிறை விதித்தது. தண்டனையின் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்பட்டதால் 2021 பிப்ரவரி 10 அன்று வெளியே வந்தார், நாட்டை விட்டு வெளியேற அனுமதியின்றி.

ஏன் கொடுக்கும் கையாலேயே அடிக்க வேண்டும்? கேட்டதால் கிடைத்தது என்ற எண்ணம் மக்களிடம் பரவினால், நாளை வேறொன்றையும் கேட்பார்கள் என்பதே அச்சம். இதில் அரசு பாகுபாடு காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில் ஸல்மான் அல் அவ்தா போன்ற, இலட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்த மார்க்க அறிஞர்களும் சிறைக்குப் போனார்கள். 2018 அக்டோபர் 2 அன்று பத்திரிகையாளர் ஜமால் கஷோக்ஜி இஸ்தான்புல் துணைத் தூதரகத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். இங்கிலாந்தில் ஆய்வுப் படிப்பிலிருந்த ஸல்மா அல் ஷிஹாப் என்ற ஷியாப் பெண்ணுக்கு, சமூக ஊடகப் பதிவுகளுக்காக 2022இல் மேல்முறையீட்டில் 34 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டு 2025இல் விடுதலையானார். தாராளவாதி, மார்க்கவாதி, பெண்ணுரிமைக்காரர் என்று அரசு பிரித்துப் பார்ப்பதில்லை. அனுமதி கேட்காமல் பேசியவர் என்ற ஒரே பிரிவுதான்.

மஹ்ரம் (உடன் வரும் நெருங்கிய ஆண் உறவினர்) இல்லாமல் பெண்கள் ஹஜ் செய்ய இப்போது தடை இல்லை என்கிறார்களே, இது மார்க்கத்துக்குப் புதிதா?
– வாசகி, காயல்பட்டினம்

புதிதல்ல. நம்பகமான பெண்கள் துணையிருந்தால் கடமையான ஹஜ்ஜுக்குப் பெண் செல்லலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபில் தொன்றுதொட்டு உள்ள கருத்து. உங்கள் ஊரில் பெரும்பாலோர் அந்த மத்ஹபினர் என்பதால் வீட்டில் கேட்டாலே தெரியும். சவூதி உலமாக்கள் பின்பற்றிய ஹன்பலி வழி கடுமையாக இருந்ததால் விசா விதியும் அப்படியே இருந்தது. 45 வயதைக் கடந்த பெண்கள் நால்வராகச் சேர்ந்து இந்தியாவிலிருந்து செல்வது 2018 முதல் நடைபெறுகிறது. 2021இல் சவூதியில் வசிக்கும் பெண்கள் மஹ்ரம் இன்றிக் குழுவாகப் பதிந்துகொள்ள வழி வந்தது. நம் ஊர் கிதாபுகளில் நூற்றாண்டுகளாக இருந்த கருத்தை மக்காவின் குடியேற்ற அதிகாரி இப்போதுதான் படித்திருக்கிறார்.

நாங்கள் கிழக்கிலங்கையில் இருக்கிறோம். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் சவூதி வீடுகளில் வேலைக்குப் போனவர்கள், போய்க்கொண்டிருப்பவர்கள். இந்தச் சீர்திருத்தமெல்லாம் அவர்களை எட்டியதா?
– வாசகி, மூதூர்

உங்கள் ஊர்ப் பெயரைப் படித்ததும் 2013 ஜனவரி 9 நினைவுக்கு வந்தது. மூதூரிலிருந்து போய், தம் பொறுப்பில் விடப்பட்ட கைக்குழந்தை இறந்ததற்காக 2005 முதல் சிறையிலிருந்த பெண்ணின் தலையை அன்று தவாத்மி என்ற சவூதி ஊரில் வெட்டினார்கள். குழந்தை இறந்தபோது அவருக்கு 17 வயது என்று பிறப்புப் பதிவு சொன்னது. கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. தொடக்க விசாரணையில் தகுந்த மொழிபெயர்ப்பாளரும் வழக்குரைஞரும் இல்லை. குழந்தையின் பெற்றோர் மன்னிக்க மறுத்தார்கள். கிஸாஸ் (பழிக்குப் பழி) சட்டத்தில் மன்னரும் அதற்கு மேல் செல்ல முடியாது என்று சொல்லப்பட்டது. அதன் பின் இலங்கை அரசு, சவூதிக்குப் பணிப்பெண்ணாகச் செல்வோரின் குறைந்தபட்ச வயதை 25ஆக உயர்த்தியது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதே 2013இல், வீட்டுப் பணியாளருக்கு நாளொன்றுக்கு 9 மணி நேர ஓய்வும் வாரத்தில் ஒரு நாள் விடுப்பும் தர வேண்டும் என்ற விதிகளை சவூதி அமைச்சரவை ஏற்றது. வீட்டுக் கதவுக்குப் பின்னால் அதைச் சோதிக்க எந்த அதிகாரி வருவார் என்பதுதான் சிக்கல். 2021 மார்ச் 14 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சீர்திருத்தம், ஓராண்டு வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளி கஃபீலின் (பொறுப்பேற்ற முதலாளியின்) ஒப்புதல் இன்றியே வேறு வேலைக்கு மாறவும், எக்ஸிட் விசா பெற்று ஊர் திரும்பவும் வழி செய்தது. நிறுவனங்களில் வேலை பார்ப்போருக்கு அது பெரிய விடுதலை. வீட்டுப் பணிப்பெண், வீட்டு ஓட்டுநர், தோட்டக்காரர், பண்ணையில் ஆடு மேய்ப்பவர் ஆகியோரை அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கவில்லை. எஜமானியம்மாள் இப்போது தானே காரை ஓட்டிக்கொண்டு அலுவலகம் போகிறார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பது உங்கள் ஊர்ப் பெண்தான்.